மேப்பு தப்பாயிருக்க ஒரு துஆ

லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளாறுதான். அந்த வெள்ளாற்றில் வருஷம் முழுக்க ஓடுவது மணல். கார்த்திகையில் ஒரு மழை வலுத்துப் பெய்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டால், ஊரே பாலத்தில் ஏறி நின்று, நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவன் கப்பலோட்டப் போனான் என்றால் வெள்ளாற்று நண்டுகூட நம்பாது. மதாரின் மகன் முகமது ஆசிக் போனான்.

கப்பல் என்பது ஊர்ப்பேச்சு. நிஜத்தில் அது ஒரு படகு. வளைகுடாவில் ஒரு துறைமுகத்திலிருந்து, கடலுக்குள் மணல் தோண்டுகிற மிதவைகளுக்குக் குடிதண்ணீரும் சோற்று டப்பாக்களும் ஷிப்டு மாறுகிற ஆட்களும் கொண்டுபோய் விடுகிற படகு. ஆசிக் விமானம் ஏறும்போது ஏ.சி. மெக்கானிக்காகத்தான் ஏறினான். இறங்கிய இடத்தில் ஏ.சி. இல்லை. படகில் கயிறு பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தான். இரண்டாம் தடவை லீவு முடிந்து போனபோது ஸ்டியரிங்கையே கையில் கொடுத்து, பரீட்சை எழுத வைத்து லைசென்ஸும் வாங்கித் தந்தார்கள். அந்தச் செய்தி லப்பைக்குடிக்காட்டில் படகாக இறங்கி, வாலிகண்டபுரம் தாண்டும்போது கப்பலாகி, பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று மாடியும் நீச்சல் குளமும் கட்டிக்கொண்டது.

அவனிடம் கயிறு பிடிக்க வாய்த்தவன் கீழப்பழுவூர் அறிவுச்செல்வன். அவன் ஊரில் பெரிய நீர்நிலை கோயில் குளம். கடலோரத்தில் பிறந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் படகு கடலையே பார்க்காத இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

படகில் வழிகாட்ட ஒரு மேப்பு மெஷின் உண்டு. சின்ன டிவி மாதிரி இருக்கும். கடலை நீலமாகப் போட்டு, ஆழத்தை நம்பரில் எழுதி, படகை ஓர் அம்புக்குறியாகக் காட்டும். அந்த மெஷினை ஆசிக்கைவிட அதிகம் பார்த்தவள் அவன் அம்மா சுல்தானாதான். இங்கே வெயில் வாசலுக்கு வருகிற நேரம் அங்கே இருட்டுப் பிரியும். தேத்தண்ணியை ஆற்றி மதார் கையில் கொடுத்துவிட்டு வீடியோ கால் போடுவாள். என்ன சாப்பிட்டாய், ஏன் இளைத்துவிட்டாய், தாடியை ஏன் ஒதுக்கவில்லை என்று விசாரணை முடிந்ததும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"நம்மூரு எங்கப்பா? காட்டு."

அவன் பொத்தானை அமுக்கி அமுக்கி மேப்பைச் சின்னதாக்குவான். துறைமுகம் புள்ளியாகி, வளைகுடா குட்டையாகி, ஓரத்தில் இந்தியா வரும். கடல் மேப்பில் நிலத்துக்கு ஏது மரியாதை? வெறும் மஞ்சள். அந்த மஞ்சளில் ஓரிடத்தில் விரலை வைத்து "இந்தா, இங்கம்மா" என்பான். அவள் போனுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வைப்பாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவள்கூட அவ்வளவு திருப்தியாக இருக்க மாட்டாள்.

ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒரு காலை, அந்தப் படகு மணல்திட்டில் ஏறிச் சாய்ந்தது. தண்ணீரில் விழுந்தவர்களை வேறொரு படகு வந்து தூக்கியது. ஒருவனை மட்டும் உயிரோடு தூக்க முடியவில்லை. வெல்டிங் வேலை பார்த்த நேபாளத்துப் பையன். ஆசிக்கைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள்.

*

மதாருக்குச் சின்ன வெங்காய வியாபாரம். ஊருக்கு வெளியே மூங்கில் தட்டி அடைத்த பட்டறையில் வெங்காயத்தைக் குவித்து, காற்றாட வைத்து, காய்ந்த தாளை அறுத்து, திருச்சிக்கு ஏற்றுவார். வெங்காயத்துக்கு மழை ஆகாது. ஐப்பசியோ மேலே ஓட்டை விழுந்தது மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் புழுங்கிய வாடையில், வந்த கண்ணீருக்கும் ஒரு சாக்கு இருந்தது. அழுகியதைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் தம்பி மகன் அஸ்ஃபாக் போனும் கையுமாக வந்தான்.

"பெரியத்தா, வக்கீல் பேசினாரு. எல்லாம் ஒரே கேள்விலதான் நிக்கிதாம். அந்தத் திட்டு மெஷின்ல இருந்துச்சா இல்லையா."

"இல்லன்னா?"

"பழய மேப்ப வச்சு ஓட்டச் சொன்னான்னு படகு மொதலாளி மேல போயிரும். ஆசிக் வூட்டுக்கு வந்துருவான்."

"இருந்துச்சுன்னா?"

அஸ்ஃபாக் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தான். "ஒரு உசுரு போயிருக்குல்ல பெரியத்தா. வருசக்கணக்கா உள்ள வச்சிருவாங்க."

கேட்டுக்கொண்டே தாள் அறுத்துக்கொண்டிருந்த கூலிக்காரி சம்பூர்ணம் அரிவாளைக் கீழே வைத்தாள். அவள் அரிவாளைக் கீழே வைத்தால் ஊரில் பஸ் நின்ற மாதிரி. பேச்சு நீளும் என்று அர்த்தம்.

"இதுல என்ன பாய் ரோசனை? மேப்பு தப்புதான். எங்க சின்னமவ கல்யாணத்துக்கு மாப்ள வூட்டுக்காரங்க வேன்ல வந்தாங்க. டைவரு போன் மேப்ப நம்பி வந்தான். அது நேராப் போ நேராப் போன்னு சொல்லிச்சு. நேராப் போயி பாத்தா சுண்ணாம்புக்கல்லு வெட்டின பள்ளம். அரியலூரையே தூக்கி உள்ள வச்சு மூடிரலாம், அம்மாம் ஆழம். ஓரத்துல ஒத்தச் சக்கரம் அந்தரத்துல சுத்துது. போனு என்ன சொல்லிச்சு தெரியுமா? நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்னுச்சு."

"அப்பறம்?" என்றான் அஸ்ஃபாக்.

"அப்பறம் என்ன, கல்யாணத்து முறுக்கையெல்லாம் தின்னுட்டு விடியற வரைக்கும் உள்ளயே ஒக்காந்திருந்தாங்க. முகூர்த்தம் போச்சு. பொண்ணு தூங்கி எந்திரிச்சு மறுபடி குளிச்சா. மருமவன் இன்னிக்கும் வேனு ஏறுனா கண்ண மூடிக்கறான்."

"வேனுக்கும் படகுக்கும் ஒண்ணா?"

"தரையில நட்டு வச்ச ஊரையே தப்பாச் சொல்லுதுல்ல. தண்ணிக்கடில கெடக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? எறங்கி மிதிச்சா பாத்துச்சு?"

மதாருக்கு அந்தக் கேள்வி தேன் மாதிரி இறங்கியது. அன்றிலிருந்து அவர் வெங்காயம் வாங்குவதை விட்டுவிட்டு மேப்பின் தப்புகளை வாங்கத் தொடங்கினார். மூட்டையோடு வருகிற விவசாயியிடம் விலை பேசுமுன், "போன் மேப்பு ஒங்கள எங்கயாவது ஏமாத்தியிருக்கா?" என்பார். ஏமாற்றியிருக்கிறது என்றால் டீ வரும். இல்லை என்றால் வெங்காயத்தில் ஈரம் அதிகம் என்பார். ஆக, பெரம்பலூர் மாவட்டத்தில் எல்லோருமே ஏமாந்திருந்தார்கள். குரும்பலூரில் ஒருவரை மேப்பு பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சுடுகாட்டில் விட்டது. கல்லங்குறிச்சித் தேருக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தை, பெருமாளைச் சேவிக்க விடாமல் கரும்புக்காட்டில் சுற்றவைத்தது. ஒருவரை மேப்பு அவர் வீட்டிலிருந்து கிளப்பி, ஊரெல்லாம் சுற்றி, அவர் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே கொண்டுவந்து விட்டதாம். ஒவ்வொரு கதைக்கும் மதாரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுல்தானாவிடம் சொன்னார். அவள் உலையில் அரிசியைப் போட்டபடி "உம்" கொட்டினாள். கவலையில் பேச்சு குறைந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் காலையில் போனை அவள் தொடுவதே இல்லை.

இதற்கிடையில் விசாரணை முடித்து அறிவுச்செல்வனை ஊருக்கு அனுப்பிவிட்டதாகத் தகவல் வந்தது.

"பக்கத்துலயே நின்னவன் பெரியத்தா," என்றான் அஸ்ஃபாக். "திட்டு மேப்புல இல்லன்னு அவன் ஒரு வார்த்த போன்ல பேசிப் பதிஞ்சு குடுத்தா போதும், வக்கீலுக்கு அனுப்பிரலாம். நீங்க போயிட்டு வாங்க. இங்க ஜமாத்துல வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்கப்பறம் நம்ம வூட்டுலயே துஆ வைக்கிறதாப் பேசியாச்சு. நீங்க நல்ல சேதியோட வந்துருங்க."

*

வெள்ளிக்கிழமை காலை மதார் பெரம்பலூர் போய், அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. வெயில் காலத்தில் அந்த ரோட்டில் காக்காய்கூட வெள்ளையாகத்தான் பறக்கும். மழைக்கு அந்த மாவெல்லாம் குழைந்து, பஸ் கண்ணாடியில் தோசை வார்த்தது. ஜன்னலோரத்தில் நனைந்தபடி அவர் மனசுக்குள் அறிவுச்செல்வன் பேச வேண்டியதை அவனுக்காகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனார்.

கீழப்பழுவூரில் வீடு கண்டுபிடிக்கச் சிரமமில்லை. அறிவின் அம்மா முத்தாயி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக அழைத்துப்போனாள். ஈரத்துக்குச் சாக்கு விரித்திருந்த தாழ்வாரத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள்.

"வாங்க பாய். ஒங்க புள்ளைய நெனச்சு நான் சோறு எறங்காமக் கெடக்கறேன். எம்புள்ள வந்தும் வராத மாதிரிதான். பம்புசெட்டுப் பக்கமே போவ மாட்டேங்கறான். தொட்டித் தண்ணியப் பாத்தா நடுங்கறான். சொம்புல மோந்து நான்தான் ஊத்தறேன், கல்யாணம் பண்ற வயசுல."

அறிவுச்செல்வன் உள்ளிருந்து வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ஆசிக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான். "வாங்க அத்தா."

அந்த ஒரு சொல்லுக்கு மதார் ஒரு மிடறு மோர் குடித்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். சம்பூர்ணத்தின் வேனைச் சொன்னார். குரும்பலூர்ச் சுடுகாட்டைச் சொன்னார். வக்கீலுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்றார். முத்தாயி வேனுக்குச் சிரித்துவிட்டு, மகன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"யம்மா, கொஞ்சம் உள்ள போ," என்றான் அறிவு. அவள் போனதும், "அத்தா, திட்டு இருக்கு," என்றான்.

"அதான் மோதிருக்கே தம்பி. கடல்ல இருக்கு, மெஷின்ல இல்ல. அதத்தான் சொல்லச் சொல்றேன்."

"மெஷின்லயும் இருக்கு."

மதார் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

அறிவு தன் போனை எடுத்தான். அதில் அதே கடல், அதே நீலம். "இதப் பாருங்க. இவ்ளோ தூரத்துலேருந்து பாக்கறப்ப எல்லாத்தையும் எழுத எடம் இருக்காதுல்ல. சின்ன மேடு, பாறை, திட்டு எல்லாத்தையும் அதுவே மறச்சிரும். கிட்டக்க கொண்டு வந்தாத்தான் ஒண்ணொண்ணா எந்திரிச்சு வரும்." விரல்களை அகட்டினான். வெறும் நீலத்துக்கு நடுவில் பச்சையாக ஒரு திட்டு முளைத்தது. வெங்காயத் தோல் அளவுகூட இல்லை.

"இதுவா?"

"இதுதான்."

மதார் போனைத் தன் கைக்கு வாங்கினார். விரல்களைக் குவித்தார், திட்டு போய்விட்டது. அகட்டினார், வந்தது. குவித்தார், அகட்டினார். ஒரு தடவையாவது அது வராமல் போய்விடாதா என்பதுபோல, விடாமல் செய்துகொண்டிருந்தார். மேப்புகளின் தப்புகளை ஜில்லா முழுக்கச் சேகரித்த மனிதருக்கு முன்னால் அந்த மேப்பு ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அறிவு மெதுவாகப் போனை வாங்கிக்கொண்டான்.

"கிட்டக்க வச்சுத்தானே ஓட்டணும். அவனுக்குத் தெரியாதா?" என்றார் மதார்.

"எனக்கே அவந்தானே சொல்லிக் குடுத்தான்."

"பின்ன ஏன் எட்டத்துல வச்சான்?"

அறிவு மழையைப் பார்த்தான். "அன்னிக்குக் காலைல அம்மா போன் பண்ணாங்க."

மதார் சாக்கின் ஓரத்தை மடித்தார்.

"எப்பயும் பண்றதுதான். படகு கெளம்பறதுக்கு முன்னாடி. ஊரைக் காட்டுன்னாங்க. காட்டினான். வழக்கமா போன வச்சதும் மேப்பைக் கிட்டக்க கொண்டு வந்துருவான். அன்னிக்கு மிதவைலேருந்து ஒருத்தன் வயர்லெஸ்ல கத்தறான், சோறு லேட்டு, ஆளு லேட்டுன்னு. அதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே கெளப்பிட்டான். ஸ்க்ரீன்ல பாத்தா கடலு துடச்சு வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. நானும் பாத்தேன் அத்தா. நானுந்தான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"போலீசுல இத..."

"போன் வந்தத அவன் சொல்லல. சும்மா பொத்தான அமுக்கிட்டேன்னு சொல்லிட்டான். ஜீப்ல ஏத்தறப்ப எங்கிட்ட, அம்மா பேச்ச எடுத்துராதன்னான். வேற ஒண்ணும் சொல்லல."

ரோட்டில் ஒரு லாரி போனது. பிறகு மதார், தன் வாழ்நாளில் வெங்காய எடைக்குக்கூடக் கேட்காததைக் கேட்டார்.

"திட்டு இல்லன்னு சொல்லிரேன் தம்பி."

"சொல்றேன். நீங்க சொல்லுங்கன்னா இப்பவே சொல்றேன். ஆனா அந்த மெஷின அவங்க கழட்டிக் கொண்டு போயிட்டாங்க. அது இல்லாட்டியும் இந்த மேப்ப எவன் வேணாலும் தொறந்து பாக்கலாம் அத்தா. இங்க கீழப்பழுவூர்ல ஒக்காந்துகிட்டே பாக்கறோமே."

முத்தாயி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலையோடு வந்தாள். மதார் அவள் மனசு நோகாமல் ஒரு வாய் அள்ளினார். அது என்ன சோறு, என்ன குழம்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

*

லப்பைக்குடிக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நெய்ச்சோற்று வாசம் வந்து கையைப் பிடித்தது. அவர் வீட்டில் அன்று திரண்ட கூட்டத்துக்கு மழையே ஒதுங்கி நின்றது. ஆண்கள் கூடத்திலும் வாசல் பந்தலிலும், பெண்கள் உள்ளறையில் திரைக்கு அந்தப் பக்கமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாசீன் ஓதி முடித்திருந்தது. அஸ்ஃபாக் வந்து காதோரம், "சொன்னானா?" என்றான். மதார் தலையை அசைத்தார். எந்தப் பக்கம் அசைந்தது என்று அவருக்கே தெரியாது. அஸ்ஃபாக்கின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சி வரிசையாக எல்லார் முகத்துக்கும் பரவியது. ஒருவர் நகர்ந்து அவருக்கு நடுவில் இடம்விட்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் கையை ஏந்தினார். நல்ல குரல். வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடியில் தூங்குகிறவனையும் எழுப்பி உட்கார வைக்கும்.

"யா அல்லாஹ், எங்கள் பிள்ளை முகமது ஆசிக் மீது குற்றமில்லை என்று வெளிப்படுத்துவாயாக."

"ஆமீன்" என்றது கூட்டம்.

"அந்தக் கருவியின் வரைபடத்தில் பிழை இருக்கச் செய்வாயாக. அந்தத் திட்டை அதில் இல்லாமல் ஆக்குவாயாக."

"ஆமீன்."

ஒரு ஊர் முழுக்க, கடலையே பார்க்காத ஜனம், எங்கோ கடலடியில் கிடக்கிற ஒரு பிடி மணலை வரைபடத்திலிருந்து அழித்துத் தரும்படி மன்றாடியது. இப்படி ஒரு துஆ எந்த ஊரிலிருந்தும் மேலே போயிருக்காது. மதாரும் சொன்னார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். சத்தமாகச் சொன்னால் தன் காதில் விழுந்த வேறொன்று மூழ்கிவிடும்போல. சொல்லிக்கொண்டே திரைப்பக்கம் பார்த்தார். திரை ஒரு கை அகலத்துக்கு விலகியிருந்தது. சுல்தானா தெரிந்தாள். ஏந்திய கைகள், மூடிய கண்கள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாருடைய உதடும் அசைந்தது. அவளுடையது அசையவில்லை. அடுத்ததற்கும் அசையவில்லை. அதற்கடுத்ததற்கும்.

கூட்டம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அவள் கொல்லைக் குழாயடியில் சஹன் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டுகள். தேய்க்கும்போது உடம்பையே அதன்மேல் சாய்க்க வேண்டியிருந்தது. மதார் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள என்ன சொன்னான்?"

"திட்டு மேப்புலயே இல்லையாம். சத்தியமாச் சொல்றான்."

"நல்ல புள்ள," என்றாள் சுல்தானா. தட்டைத் திருப்பிப் போட்டாள். "அவனாச் சொன்னானா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் எட்டி அதை இறுக்கினார்.

"அன்னிக்கு அவன் வழக்கம்போலத்தான் காட்டினான்," என்றாள். "நான்தான் பத்தாதுன்னேன். இன்னுங் கொஞ்சம் தூரமாப் போப்பா, நம்மூரும் மக்காவும் ஒரே கட்டத்துல தெரியட்டும்னேன். தெரிஞ்சுச்சுங்க. ரெண்டும் தெரிஞ்சுச்சு. மாஷா அல்லான்னேன்."

"சுல்தானா."

"படகு கெளம்பின கொஞ்ச நேரத்துல திட்டுல ஏறிருச்சுன்னு கம்பெனிலேருந்து ஒரு பையன் போன்ல சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க தெனம் வந்து வேனு கதை, சுடுகாட்டுக் கதைன்னு சொல்றீங்க. நான் என்ன சொல்லுவேன்?"

"இத யாருகிட்டயும் சொல்லிராத."

"யாருகிட்டச் சொல்ல? சொன்னா ஒருத்திகிட்டத்தான் சொல்லணும். நேபாளத்துல இருக்கா. அவ பாஷை எனக்குத் தெரியாது."

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு அஸ்ஃபாக் வந்தான். வேலை செய்த களைப்பும் சந்தோஷமுமாக இருந்தான். "பெரியம்மா, கூட்டத்தப் பாத்தீங்களா? ஊரே வந்துருச்சு. அடுத்த வெள்ளிக்கும் வைக்கச் சொல்றாங்க. மேலத் தெருக்காரங்க நெய்யி தாரங்கறாங்க. வச்சிரலாமா?"

மதார் எழுந்து அவனை அனுப்பிவிட வாயெடுத்தார். சுல்தானா முந்திக்கொண்டாள்.

"வைப்பா. ஆனா ஹஜ்ரத்துகிட்ட ஒண்ணு சொல்லிரு. செத்துப்போன அந்தப் புள்ளைக்கும் சேத்துக் கேக்கச் சொல்லு. அவங்க வூட்டு ஆளுங்களுக்காகவும் கேக்கச் சொல்லு."

"சொல்லிர்றேன் பெரியம்மா. பேரு சொல்லித்தானே கேப்பாரு. அந்தப் பையன் பேரு என்ன?"

சுல்தானா ஈரக் கையோடு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் அறிவுச்செல்வன் வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் மதார் அதைக் கேட்கவில்லை. அவர் அஸ்ஃபாக்கைப் பார்த்தார். அஸ்ஃபாக் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். என்னவென்று போட்டுத் தேடுவது என்று தெரியாமல், வெளிச்சம் தானாக அணைகிற வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.